தட்டணு ஒன்பதாயிரம், குறியீடு எது? கோத்தகிரிக் கோப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது பயிற்சிக்காகக் கட்டிய கோப்பு. கோத்தகிரி, குன்னூர் பக்கத்து பில்லிங் மேஜைகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே நோயாளியின் மேல் ஏற்றியிருக்கிறோம். தனி ஒருவரின் பதிவு இதில் இல்லை. மருத்துவ விவரமும் பில்லிங் விவரமும் சேர்ந்தே வரும். ஐடிபி எனப்படும் நோய் எதிர்ப்புத் தட்டணுக் குறைவு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) உடலின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கும் நோய். அதில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பவர்தான் கிளைமைக் கெடுக்கிறார்.

நோயாளி 41 வயதுப் பெண், எடை 52 கிலோ. தேயிலை பறிப்பு வேலை, சீசனில் கேரட் அறுவடைக்கும் போவார். ஆறு நாளாகக் கால் முன்பக்கத்தில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். கையில் இரண்டு இடத்தில் கன்னிப்போயிருக்கிறது. இரண்டு நாளாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். மாதவிலக்கு எட்டாம் நாளாக நிற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு மூன்று நாள் காய்ச்சல்; கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சரியாகிவிட்டது. ஊர் கிளினிக்கில் ரத்தம் பார்த்து, ‘டெங்கு?’ என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு தனியார் மருத்துவக் காப்பீடு உண்டு, எடுத்து 14 மாதம் ஆகிறது.

சீட்டில் இருந்த அந்தக் கேள்விக்குறி காப்பீட்டின் முன் அனுமதிப் படிவத்துக்குப் போகும்போது காணாமல் போனது. அட்மிஷன் மேஜையில் இருந்தவர் ‘டெங்கு காய்ச்சல், ஏ97.9’ என்று ஐசிடி-10 நோய்க் குறியீட்டோடு அடித்து, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைம் பார்க்கும் டிபிஏ-வுக்கு அனுப்பினார். ஐந்து நாள் கழித்து டிஸ்சார்ஜ் சம்மரி வேறு நோயைச் சொல்லும்போது, காப்பீட்டுக்காரர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஏன் என்று கேட்கத்தான் செய்வார்.

முன் அனுமதியில் நோய் உறுதியாகாத நிலையில் எழுத வேண்டியது டி69.6, அதாவது காரணம் குறிப்பிடாத தட்டணுக் குறைவு. பக்கத்தில் ‘காரணம் ஆய்வில் உள்ளது’ என்ற வரி. அதற்குப் பிறகு குறியீடு டி69.3 ஆக மாறினால் அது இயல்பான வளர்ச்சி, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டெங்குவிலிருந்து ஐடிபி-க்குத் தாவினால் அது முரண்பாடு.

எண்ணை நம்புவதற்கு முன்

கிளினிக் அறிக்கையில் தட்டணு ‘0.09 லட்சம்’ என்று இருந்தது. அதாவது ஒரு கன மில்லிமீட்டருக்கு 9,000. முன் அனுமதிப் படிவத்தில் அது ‘0.9 லட்சம்’ ஆகிவிட்டது. ஒரு பூஜ்யம் விழுந்ததில் 90,000. தொண்ணூறாயிரம் தட்டணு உள்ளவருக்கு ஐவிஐஜி (சிரை வழி ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து) எதற்கு என்று எந்த மருத்துவ அலுவலரும் கேட்பார், அவர் கேட்பது நியாயமும்கூட. லட்சக் கணக்கில் அச்சிடும் ஆய்வகங்களின் அறிக்கையை வைத்துப் படிவம் நிரப்புகிறவர்கள் முழு எண்ணாகவே எழுதுவது நல்லது: 9,000.

அடுத்தது, எண் உண்மையா என்பது. ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈடிடிஏ சிலருடைய ரத்தத்தில் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இயந்திரம் அந்தக் கட்டிகளைத் தட்டணுவாக எண்ணாது. அறிக்கையில் போலிக் குறைவு வரும். குழாய் எடுத்து எவ்வளவு நேரம் கழித்து ஓட்டுகிறோமோ அவ்வளவுக்கு இது மோசமாகும். மலை ஊரில் இதை மறக்கவே கூடாது. காலையில் எடுத்த குழாய் பஸ்ஸில் மலையிறங்கிக் கோயம்புத்தூர் ஆய்வகத்துக்கு மதியத்துக்கு மேல் சேர்வது இங்கே வழக்கம். சரிபார்க்க வழி எளிது: ரத்தப் பூச்சு போட்டுக் கட்டி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது, நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து உடனே ஓட்டுவது. சிட்ரேட் குழாயில் திரவம் கலந்து நீர்த்திருப்பதால் வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். கட்டிதான் காரணம் என்றால் அங்கே நோயே இல்லை, டி69 வரிசையில் எந்தக் குறியீட்டுக்கும் வேலை இல்லை.

இந்த நோயாளிக்குப் பூச்சில் கட்டி இல்லை. தட்டணு அரிதாக, சில பெரிய உருவில். உடைந்த சிவப்பணுத் துண்டுகள் இல்லை. ஹீமோகுளோபின் 10.2, வெள்ளணு 7,400. உடைந்த சிவப்பணு இல்லை என்ற அந்த ஒரு வரி பில்லிங்குக்கும் முக்கியம். டிடிபி என்னும் வேறு நோயிலும் தட்டணு இப்படித்தான் விழும், ஆனால் அதில் உடைந்த சிவப்பணு தெரியும். அதற்குச் சிகிச்சை பிளாஸ்மா மாற்றம். குறியீடும் வேறு அத்தியாயத்தில், எம்31.1. வேகமாகச் சொல்லி எழுதும்போது ஐடிபி, டிடிபி என்ற இரண்டு சுருக்கமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் சுருக்கம் வேண்டாம், முழுப்பெயர் எழுதுங்கள் என்று டாக்டர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளலாம்.

எவற்றை விலக்கினார்கள், எங்கே எழுதினார்கள்

ஐடிபி-க்கென்று தனியாக ஒரு உறுதிப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கித்தான் அந்த முடிவுக்கு வருகிறார்கள். எனவே விலக்கிய விவரம் கேஸ் ஷீட்டில் இல்லையென்றால் நோயறிதலுக்கே ஆதாரம் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

நீலகிரியில் தோட்டத்தில், புதரோரத்தில் வேலை செய்கிறவருக்குத் தட்டணு விழுந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஸ்க்ரப் டைஃபஸ் (ஏ75.3). பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி என்று மறைவான இடங்களில் தேட வேண்டும். தேடியதையும் எழுத வேண்டும். டெங்கு கொசுவின் ஆட்சி அடிவாரத்தில்தான் அதிகம். ஆனாலும் மேட்டுப்பாளையப் பயணம் வரலாற்றில் இருப்பதால் என்எஸ்1, ஐஜிஎம் என்ற டெங்குப் பரிசோதனைகள் இரண்டும் பார்த்தார்கள். எதுவும் இல்லை. மண்ணீரல் தட்டுப்படவில்லை. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் நோய் இருப்பதால், அங்கிருந்து வரும் கோப்புகளில் மண்ணீரல் பற்றிய வரி இன்னும் கூடுதல் முக்கியம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி எதுவும் இல்லை. கடையில் வாங்கியது பாராசிட்டமால் மட்டும் என்று மாத்திரை அட்டையைப் பார்த்து உறுதி செய்தார்கள்.

இங்கே வரிசை தவறினால் திருத்தவே முடியாத ஒன்று உண்டு. ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் எதிர்ப்புப் புரதம். அது ஏறிய பிறகு எடுக்கும் ரத்தத்தில் கொடையாளரின் எதிர்ப்பான்களும் சேர்ந்து தெரியும்; ஹெபடைடிஸ் பி உட்படச் சில பரிசோதனைகள் இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். நோய்த்தொற்றுப் பரிசோதனைக்கான ரத்தம் ஐவிஐஜி-க்கு முன் எடுக்கப்பட்டது என்பதை மாதிரி எடுத்த நேரம் காட்ட வேண்டும். அறிக்கை வந்த நேரம் அல்ல.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்யவில்லை. ‘மஜ்ஜை அறிக்கை எங்கே?’ என்று டிபிஏ கேட்டது. அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2011 வழிகாட்டுதலே, வழக்கமான தோற்றத்தில் வரும் ஐடிபி-க்கு எந்த வயதிலும் அது தேவையில்லை என்கிறது. பதிலில் இதோடு, மற்ற அணுக்கள் ஐயத்துக்கு இடமில்லாமல் இருப்பதையும் பூச்சு அறிக்கையையும் சேர்த்தால் போதும்.

டாக்டரிடம் கேட்கும் விதம்

முதல் நாள் குறிப்பு: ‘தட்டணுக் குறைவு, காரணம் ஆய்வில்’. அன்று மாலையே: ‘ஐவிஐஜி தொடங்கப்பட்டது’. டிஸ்சார்ஜ் வரைவு: ‘தட்டணுக் குறைவு, முன்னேற்றம்’. ஐடிபி என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை. கொடுத்த மருந்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும்தான். ஆனால் மருந்தை வைத்தோ ஆய்வக எண்ணை வைத்தோ நோயை ஊகித்துக் குறியீடு போடும் உரிமை கோடருக்கு இல்லை. இப்படியே விட்டால் டி69.6 தான், அதோடு ஐவிஐஜி பில்லும் தொங்கும்.

அப்போது டாக்டரை வழியில் பிடித்து, ‘டாக்டர், ஐடிபி-ன்னு போட்டுடலாமா?’ என்று கேட்பது விடையைக் கையில் கொடுத்துக் கேட்பது. தணிக்கையில் அது நிற்காது. எழுத்தில் இப்படிக் கேட்கலாம்:

‘டாக்டர், சேர்க்கையின்போது தட்டணு 9,000. பூச்சில் கட்டி இல்லை, உடைந்த சிவப்பணு இல்லை. டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இல்லை. டெக்ஸாமெத்தசோன் 40 மி.கி. நான்கு நாள், ஐவிஐஜி 50 கிராம் தரப்பட்டுள்ளன. தட்டணுக் குறைவுக்குத் தாங்கள் முடிவு செய்த காரணத்தைக் குறிப்பிட வேண்டுகிறோம்: நோய் எதிர்ப்பு வகை, முதன்மை / வேறு நோயால் அல்லது மருந்தால் வந்தது (எது?) / வேறு / இப்போது முடிவு செய்ய இயலாது.’

டாக்டர் முதலாவதைத் தேர்ந்து கையெழுத்து, தேதி, நேரம் போட்டார். குறியீடு டி69.3. இரண்டாவதைத் தேர்ந்திருந்தால் மூல நோய்க்கு ஒரு குறியீடும் தட்டணுவுக்கு டி69.5-உம் என்று கோப்பே வேறு திசையில் போயிருக்கும். ‘ஐடிபி ஆக இருக்கலாம்’ என்றே டிஸ்சார்ஜ் வரை எழுதியிருந்தால்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 விதிப்படி, சிகிச்சை முடிந்தும் சந்தேகமாகவே நிற்கும் முதன்மை நோயை, வேறு தகவல் இல்லாத நிலையில், உறுதியானது போலவே குறியிட வேண்டும். அமெரிக்கப் புறநோயாளி விதி இதற்கு நேர் எதிர். அதைக் கீழே பார்க்கலாம்.

கூடவே வந்த மூன்று குறியீடுகள்

சிவப்புப் புள்ளிகளுக்கு ஆர்23.3 போடக்கூடாது. அது ஐடிபி-யின் அங்கமே. மாதவிலக்கு மிகை அப்படியல்ல. தனியாகப் பார்த்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்திருக்கிறார்கள், எனவே என்92.0. இரண்டாம் நாள் ஹீமோகுளோபின் 8.9, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. ‘நாட்பட்ட ரத்த இழப்பால் இரும்புச்சத்துக் குறைவுச் சோகை’ என்று டாக்டர் எழுதியதால் டி50.0. ‘சோகை’ என்று மட்டும் எழுதியிருந்தால் டி64.9-ஐத் தாண்ட முடியாது.

மூன்றாவதில்தான் ஆபத்து. ஸ்டீராய்டு (டெக்ஸாமெத்தசோன்) தொடங்கிய மூன்றாம் நாள் சர்க்கரை 242. இன்சுலின் போட்டார்கள். வரைவில் யாரோ ‘சர்க்கரை நோய்’ என்று எழுத, ஈ11.9 ஏறிவிட்டது. 14 மாதப் பாலிசியில், விண்ணப்பத்தில் சொல்லாத சர்க்கரை நோய்! கிளைமை மொத்தமாக மறுக்க இதைவிட வசதியான காரணம் வேண்டாம். சேர்க்கையின்போது எடுத்த சர்க்கரை 96, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.6. டாக்டர் ‘ஸ்டீராய்டால் ஏற்பட்ட தற்காலிக மிகைச் சர்க்கரை’ என்று திருத்தினார். குறியீடு ஆர்73.9, கூடவே சிகிச்சை மருந்தின் பக்கவிளைவைக் காட்டும் ஒய்42.0. ஈ வரிசையில் எதுவும் இல்லை.

ஐவிஐஜி பில்

டோஸ் கிலோவுக்கு 1 கிராம். 52 கிலோவுக்கு 52 கிராம். 5 கிராம் குப்பிகளாக வருவதால் டாக்டர் 50 என்று முழுமையாக்கினார். பத்துக் குப்பி. பில்லிலும் பத்து, மருந்து அட்டையிலும் பத்து, ஒட்டியிருந்த லேபிள்கள் மட்டும் ஒன்பது. ஒரு லேபிள் குப்பியோடு குப்பைக்குப் போய்விட்டது. குறைந்த ஒன்றுக்குப் பணம் பிடிப்பார்கள். குப்பி மாட்டும்போதே லேபிளை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் முடிவில் சேர்த்து ஒட்டலாம் என்றால் ஒன்று தவறாமல் தவறும்.

மருந்து உள்ளூரில் இருப்பு இல்லை, கோயம்புத்தூரிலிருந்து 2 முதல் 8 டிகிரி குளிர்ப்பெட்டியில் வந்தது. பில் வாங்கப் போன மகன் பெயரில் இருந்தது. நோயாளி பெயர், தேதி, பேட்ச் எண் மூன்றும் உள்ள பில்லாக மாற்றி வாங்கியே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டால் இந்த ஒரு பில்லுக்காக டிஸ்சார்ஜே ஒரு நாள் தள்ளும்.

நேரமும் பேச வேண்டும். 5 சதவீதக் கரைசலில் 50 கிராம் என்பது 1,000 மி.லி. மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. என்று தொடங்கினால் முதல் அரைமணி 26 மி.லி. வேகம், பிறகுதான் படிப்படியாக ஏற்றுவார்கள். நர்ஸ் அட்டையில் பத்துக் குப்பியும் ஒரே மணி நேரத்துக்குள் முடிந்ததாக இருந்தால் படிக்கிறவர் சிரிப்பார்.

இதைவிடக் கெட்டது ஒவ்வொரு ஷிஃப்டிலும் நகல் எடுத்து ஒட்டிய ‘ரத்தக்கசிவு இல்லை’ என்ற வரி. ஐவிஐஜி-க்கான நியாயமே தட்டணு மிகக் குறைவு, கூடவே ஈறிலும் கருப்பையிலும் ரத்தக்கசிவு, விரைவாக உயர்த்த வேண்டிய தேவை என்பதுதான். டாக்டர் கசிவு உண்டு என்கிறார், சிஸ்டர் இல்லை என்கிறார் என்றால் காப்பீட்டுக்காரர் எதை எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை.

காப்பீட்டுப் படிவத்தின் மருத்துவமனைப் பகுதியில் செயல்முறைக்கு ஐசிடி-10 பிசிஎஸ் கட்டம் இருக்கிறது. பலர் காலியாக விடுகிறார்கள். புறச் சிரை வழி ஐவிஐஜி-க்கு 30233எஸ்1. தட்டணு ஏற்றியிருந்தால் 30233ஆர்1. இந்த நோயாளிக்குத் தட்டணு ஏற்றவில்லை. ஐடிபி-யில் ஏற்றிய தட்டணுவும் சீக்கிரம் அழிந்துவிடும் என்பதால் உயிருக்கு ஆபத்தான கசிவுக்குத்தான் அதை வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் தட்டணு 34,000. ஐந்தாம் நாள் 71,000, வீட்டுக்கு அனுப்பலாம் என்றானது.

‘நாட்பட்ட’ என்ற சொல்

வரைவில் ‘நாட்பட்ட ஐடிபி’ என்று இருந்தது. பயிற்சி மருத்துவர் எழுதிய வரலாற்றில், ‘இரண்டு வருடமாக அவ்வப்போது காலில் கன்னிப்போகும்’. பாலிசிக்கு வயது 14 மாதம். இரண்டு வரியும் சேர்ந்தால் முன்பே இருந்த நோய், காத்திருப்புக் காலம் முடியவில்லை, கிளைம் இல்லை.

2009-இல் சர்வதேசக் குழு வகுத்த பிரிவு இது: கண்டறிந்து 3 மாதம் வரை புதிது, 3 முதல் 12 மாதம் வரை தொடர்வது, 12 மாதத்துக்கு மேல் நாட்பட்டது. கணக்கு கண்டறிந்த நாளிலிருந்து. முதல்முறை கண்டறிந்த அன்றே நாட்பட்டது என்று எழுத இடமே இல்லை. டி69.3 இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது. எனவே சம்மரியின் சொல்தான் எல்லாம். ‘புதிதாகக் கண்டறியப்பட்ட’ என்று டாக்டர் திருத்தினார். பாலிசி விதியில் முன்பே இருந்த நோய் என்பது, பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்ததோ, ஆலோசனையோ சிகிச்சையோ சொன்னதோதான். எப்போதோ கன்னிப்போனது தானாக அதில் சேராது. குடும்பத்தார் தேடி எடுத்து வந்த, 20 மாதத்துக்கு முந்தைய மருத்துவ முகாம் அறிக்கையில் தட்டணு 2,30,000 என்று இருந்தது. வரலாற்று வரியை அழிக்கக்கூடாது. அந்த அறிக்கையை இணைத்து அனுப்புவதே முறை. டிஸ்சார்ஜ் அனுமதி கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2024 மே மாதச் சுற்றறிக்கை. கேள்வி வரும் என்று தெரிந்த தாள்களைக் கோரிக்கையோடே வைத்தால்தான் அந்த விதி நமக்கு உதவும்.

இதே கோப்பு அமெரிக்கக் கிளைமாக வந்தால்

ஊட்டியிலும் குன்னூரிலும் வீட்டிலிருந்தே அமெரிக்க கிளைம் பார்க்கும் கோடர்கள் உண்டு, அவர்களுக்காக. அங்கே புறநோயாளிக்கு ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதிய நோயைக் குறியிடவே கூடாது, அறிகுறியோ டி69.6-ஓதான். உள்நோயாளி டிஸ்சார்ஜில் சந்தேகமாகவே நின்றால் மட்டும் இருப்பதாகக் கொள்ளலாம். டி69.5 அங்கே டி69.51, டி69.59 என்று பிரியும், டி69.3-க்குப் பிரிவில்லை. பக்கவிளைவுக்கு ஒய் குறியீடு கிடையாது, டி38.0எக்ஸ்5ஏ (T38.0X5A) என்று நாம் ஒலிக்கும் நச்சு அத்தியாயக் குறியீடு; ரத்த அத்தியாயத்து ‘டி’-யோடு (D) தமிழில் குழம்பாதீர்கள்.

புறநோயாளிப் பிரிவில் காமாகார்ட் லிக்விட் என்ற ஐவிஐஜி 52 கிராம் ஏற்றினால், அதன் மருந்துக் குறியீடான ஜே1569-இல் ஒரு யூனிட் 500 மி.கி., ஆக 104 யூனிட். 5 கிராம் குப்பி பதினொன்று உடைத்திருந்தால் 3 கிராம் வீண். 6 யூனிட் தனி வரியில் ஜேடபிள்யூ அடையாளத்தோடு. வீண் எதுவும் இல்லையென்றால் ஜேஇசட். 2023 ஜூலை முதல் அது கட்டாயம். காலை 9.10 முதல் மதியம் 2.25 வரை ஏறினால் முதல் மணி நேரத்துக்கு 96365 ஒன்று, அடுத்த மணி நேரங்களுக்கு 96366 நான்கு. மிச்சமான 15 நிமிடம் 30-ஐத் தாண்டாததால் கணக்கில் வராது. முடிந்த நேரம் எழுதவில்லையென்றால் மணிக்கணக்கே கேட்க முடியாது.

ஐந்தாம் மாதம்

தட்டணு மறுபடி 22,000. இப்போது ‘தொடரும் ஐடிபி’. குறியீடு அதே டி69.3. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ரோம்போபேக் மாத்திரை தொடங்கினார்கள். பால், கால்சியம், இரும்பு மாத்திரை எல்லாம் இதன் உறிஞ்சலைத் தடுக்கும். அவற்றைச் சாப்பிட்டு 4 மணி நேரம் கழித்தோ, அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போதான் இதைப் போட வேண்டும். சோகைக்கு இரும்பு மாத்திரையும் ஓடுகிறது. விடியற்காலையில் பால் டீ குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்குகிறவர். இரவு படுக்கும்போது எல்ட்ரோம்போபேக், மதியச் சாப்பாட்டோடு இரும்பு என்று நேரம் பிரித்து எழுதிக்கொடுத்தார்கள். வெளி நோயாளியாக வாங்கும் இந்த மாத்திரை, பாலிசியின் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய நாள்கணக்கைத் தாண்டிவிட்டதால் கைக்காசுதான். இதை முதல் நாளே குடும்பத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது.

மாத்திரையில் தட்டணு இயல்புக்கு வந்தாலும் டி69.3 தான் தொடரும், மருந்துதான் தாங்கிப் பிடிக்கிறது. மருந்தை நிறுத்தி, தட்டணு தானாக நின்று, டாக்டர் ‘முன்பு இருந்தது’ என்று எழுதிய பிறகே இசட்86.2. ஒரு முறை நல்ல எண் வந்ததும் கோடர் தாமாக மாற்றிவிட்டால், அடுத்த முறை தட்டணு விழும்போது புது நோய் போலக் கோப்பு தொடங்கும். பழைய ஐந்து மாதமும் டிபிஏ கண்ணுக்கு மறைத்ததாகத் தெரியும்.